அட்டை கையில் இருக்கிறது, பெயர் பட்டியலில் இருக்கிறதா? தமிழ்நாட்டு வாக்காளர் பதிவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அதன் பயனாக டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 5.43 கோடிப் பெயர்கள் இருந்தன; திருத்தத்துக்கு முன் இருந்தவை 6.41 கோடி. இறந்தவர்கள், வீடு மாறிப் போனவர்கள், கணக்கெடுப்பாளர் வந்தபோது கண்டறியப்படாதவர்கள், இரண்டு இடங்களில் பதிவானவர்கள் என்று ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் நீங்கின. இந்தக் காரணங்களில் பல உண்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயர் விடுபட்டவர்களில் பலர் முதலில் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "என்னிடம் வாக்காளர் அட்டை இருக்கிறதே, பிறகு எப்படி?"

இந்தக் கேள்விக்குள் இருக்கும் தவறான எண்ணத்தைக் களைவதிலிருந்துதான் எந்த வழிகாட்டியும் தொடங்க வேண்டும். வாக்காளர் அடையாள அட்டை நீங்கள் யார் என்பதைக் காட்டும் சான்று மட்டுமே. வாக்களிக்கும் உரிமையைத் தருவது வாக்காளர் பட்டியலில் உள்ள உங்கள் பெயர். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 62-ஆம் பிரிவு, ஒரு தொகுதியின் பட்டியலில் பெயர் இல்லாத எவரும் அத்தொகுதியில் வாக்களிக்க உரிமையற்றவர் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பட்டியலில் பெயர் இருந்து அட்டை தொலைந்துபோனவர் வேறு ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம்; அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்குச்சாவடி வாசலிலிருந்து திரும்பத்தான் வேண்டும்.

தகுதி என்று சட்டம் எதைச் சொல்கிறது

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன் 19-ஆம் பிரிவு கேட்பவை இரண்டுதான்: தகுதி நாளில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; அத்தொகுதியில் சாதாரணமாக வசிப்பவராக இருக்க வேண்டும். இந்தியக் குடிமகனாக இல்லாதவரையும், மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தவரையும், தேர்தல் குற்றங்களுக்காகத் தகுதி இழந்தவரையும் 16-ஆம் பிரிவு விலக்குகிறது. வாக்களிக்கும் வயது 21 என்றிருந்ததை 18 ஆக்கிய 61-ஆவது அரசமைப்புத் திருத்தம் 1989 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது.

தகுதி நாள் என்பது நெடுங்காலம் ஜனவரி 1 மட்டுமாகவே இருந்தது. பிப்ரவரியில் 18 வயதை எட்டிய ஒருவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021-இல் நிறைவேறி 2022 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்திருத்தம் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்களை வகுத்துள்ளது. 17 வயது நிறைந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடலாம். அவர்கள் 18-ஐ எட்டும் காலாண்டில் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் பிள்ளைகளை இந்த வேலையை முடிக்கச் சொல்வது நல்லது. கல்லூரிக்காக ஊர் மாறிய பிறகு, எந்த முகவரியில் பதிவது என்ற இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்ளும்.

"சாதாரணமாக வசிப்பவர்" என்ற சொற்றொடரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரு தொகுதியில் சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கு வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போயிருப்பதால் மட்டும் ஒருவர் அந்தத் தகுதியை இழந்துவிடவும் மாட்டார் என்று அதே பிரிவு சொல்கிறது. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மட்டும் ஊருக்குப் போய்வருபவர், சென்னையில் இருபது ஆண்டுகளாகக் குடும்பத்தோடு இருந்துகொண்டு, பூர்வீக வீடு இருக்கிறது என்பதற்காக ஊரிலேயே பெயரை வைத்திருப்பது சட்டத்தின் கண்ணில் வலுவான நிலை அல்ல. வீடுவீடாக நடக்கும் கணக்கெடுப்பில் பூட்டிய வீட்டின் முன் நிற்கும் அலுவலர் "இடம் மாறியவர்" என்று எழுதுவதற்கு இதுவே இடம் கொடுக்கிறது. இரண்டு ஊர்களிலும் பெயரை வைத்திருப்பதோ 17, 18 பிரிவுகளுக்கு எதிரானது. பதிவுக்காகப் பொய்யான உறுதிமொழி தந்தால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

முதல் வேலை: இப்போதைய பட்டியலில் உங்கள் வரியைக் கண்டுபிடிப்பது

எந்தப் படிவத்தையும் நிரப்புவதற்கு முன், பட்டியலில் உங்கள் நிலை என்ன என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் அடையாள அட்டை எண்ணை இட்டுத் தேடுவது எளிய வழி. அட்டை எண் என்பது மூன்று ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்டது. சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட நீண்ட எண் உடைய பழைய அட்டை உங்களிடம் இருந்தால், அந்த எண்ணில் தேடிக் கிடைக்காமல் போகலாம். அப்போது பெயர், உறவினர் பெயர், வயது, மாவட்டம் ஆகியவற்றைக் கொண்டு தேடுங்கள். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1950 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

தேடலில் கிடைத்த முடிவோடு நின்றுவிடாமல், தொகுதி எண், பாகம் எண், வரிசை எண் ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு, தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்திலிருந்து உங்கள் பாகத்தின் முழுப் பட்டியலையும் பதிவிறக்கிப் பாருங்கள். பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல். அதில் உங்கள் வீட்டாரின் பெயர்கள் அடுத்தடுத்து உள்ளனவா, கதவு எண் சரியா, உறவுமுறை சரியா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரே வீட்டில் கணவன் ஒரு பாகத்திலும் மனைவி இன்னொரு பாகத்திலும் இருப்பது அரிதல்ல. பட்டியலின் இறுதியில் உள்ள துணைப் பட்டியல்களையும் பார்க்க வேண்டும். நீக்கப்பட்ட பெயர்களுக்கு எதிரே காரணத்தைச் சுட்டும் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும்: 'இ' என்றால் இறப்பு, 'எஸ்' என்றால் இடமாற்றம், 'ஆர்' என்றால் இருமுறைப் பதிவு, 'எம்' என்றால் காணப்படாதவர், 'கியூ' என்றால் தகுதியின்மை. உங்கள் பெயர் எந்த எழுத்தின் கீழ் நீங்கியது என்பதை அறிந்துகொண்டால், அதை எதிர்த்து என்ன ஆவணம் காட்ட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

பழைய பட்டியலையும் தேடி எடுத்து வைத்துக்கொள்வது இப்போது பயன் தரும். தீவிரத் திருத்தத்தில், தமிழ்நாட்டில் இதற்கு முன் அத்தகைய திருத்தம் நடந்த 2002 அல்லது 2005-ஆம் ஆண்டுப் பட்டியலில் வாக்காளரின் பெயரோ அவருடைய பெற்றோரின் பெயரோ இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலைத் தேடும்போது பலர் தடுமாறியதற்குக் காரணம், 2008-இல் நடந்த தொகுதி மறுவரையறை. புரசைவாக்கம், பூங்கா நகர் போன்ற தொகுதிகள் அத்துடன் இல்லாமற்போயின. வேளச்சேரி என்ற தொகுதி அதற்கு முன் கிடையாது. எனவே இன்றைய தொகுதிப் பெயரை வைத்துத் தேடாமல், அப்போது எந்தத் தெருவில் குடியிருந்தோம், எந்தப் பள்ளியில் வாக்களித்தோம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தேடுங்கள். கிடைத்த பக்கத்தை அச்சிட்டு, ரேஷன் அட்டையும் பத்திரமும் இருக்கும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

எந்தப் படிவம் எதற்கு

2022 ஆகஸ்டுக்குப் பின் படிவங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. குழப்பம் மட்டும் பழைய நினைவால் நீடிக்கிறது. படிவம் 6 முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவருக்கு மட்டுமே உரியது. முன்பு ஒரு தொகுதியிலிருந்து வேறு தொகுதிக்குக் குடிபெயர்ந்தவரும் படிவம் 6 கொடுக்க வேண்டும், தொகுதிக்குள்ளேயே மாறியவர் 8ஏ கொடுக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது இடமாற்றம், பிழைத்திருத்தம், தொலைந்த அல்லது சிதைந்த அட்டைக்கு மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பைச் சேர்த்தல் ஆகிய நான்குக்கும் படிவம் 8 ஒன்றே. மதுரையிலிருந்து கோவைக்கு மாறியவர் பழக்கதோஷத்தில் புதிதாகப் படிவம் 6 கொடுத்தால், பழைய பெயர் மதுரையில் அப்படியே இருக்க, கோவையில் இரண்டாவது பெயர் முளைக்கும். மேலும், அந்தப் படிவத்தில் "வேறெங்கும் என் பெயர் இல்லை" என்று அவர் கையொப்பமிட்டுவிட்டிருப்பார். படிவம் 8 கொடுத்தால் பழைய இடத்துப் பெயர் தானாக நீக்கப்படுவதோடு, அட்டை எண்ணும் மாறாமல் தொடரும்.

படிவம் 7 பெயர் நீக்கத்துக்கும் ஆட்சேபத்துக்கும் உரியது. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், இறப்புச் சான்றிதழின் நகலோடு இப்படிவத்தைக் கொடுக்க வேண்டியது குடும்பத்தாரின் கடமை. பலருக்கு இதைச் செய்ய மனம் வருவதில்லை என்பதை அறிவேன். அப்பாவின் பெயரை நாமே எழுதி நீக்கச் சொல்வதா என்று தயங்குவார்கள். ஆனால் அந்தப் பெயரில் வேறொருவர் வந்து வாக்களிப்பதைவிட இது மேலானது.

படிவம் 6ஏ, வேலைக்காகவோ படிப்பிற்காகவோ வெளிநாட்டில் இருக்கும், வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியருக்கானது. கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரியின் தொகுதியில் பதிவு நடக்கும். அவர்களுக்கு அடையாள அட்டை தரப்படுவதில்லை. வாக்குப்பதிவு நாளில் நேரில் வந்து மூலக் கடவுச்சீட்டைக் காட்டி வாக்களிக்க வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டே தபாலில் வாக்களிக்கும் வசதி இப்பிரிவினருக்கு இல்லை. படிவம் 6பி ஆதார் எண்ணைத் தெரிவிப்பதற்கானது. போதிய காரணத்தால் ஆதார் எண்ணைத் தர இயலாதவரின் பெயரைச் சேர்க்க மறுக்கவோ, இருக்கும் பெயரை நீக்கவோ கூடாது என்று சட்டமே கூறுகிறது.

பெயரும் தலைப்பெழுத்தும்

தமிழ்நாட்டு விண்ணப்பங்களில் பெரும்பாலான சிக்கல்கள் எழுவது இந்த இடத்தில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் இடுகிறோம். படிவமோ பெயர் என்று ஒரு கட்டமும் குடும்பப் பெயர் என்று இன்னொரு கட்டமும் வைத்திருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "மு. செல்வி", ஆதாரில் "செல்வி முருகன்", வங்கிப் புத்தகத்தில் "செல்வி மு", திருமணத்துக்குப் பின் எடுத்த ரேஷன் அட்டையில் கணவர் பெயரின் தலைப்பெழுத்து என்று ஒரே பெண்ணுக்கு நான்கு பெயர்கள் சேர்ந்துவிடுகின்றன. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு 'எச்' கூடுவதும் குறைவதும் தனிக் கதை.

இதற்கு ஒரே தீர்வு, எந்த ஆவணத்தை அடிப்படையாகக் கொள்வது என்று முதலில் முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதன்வழிக் கொண்டுவருவதுதான். என் கருத்தில், பள்ளிச் சான்றிதழ் இருப்பவர்கள் அதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். இணையவழியில் விண்ணப்பிக்கும்போது ஆதாரோடு இணைந்த செல்பேசிக்கு வரும் கடவுச்சொல்லைக் கொண்டு மின்கையொப்பம் இட வேண்டியிருப்பதால், ஆதாரில் உள்ள பெயர் வேறாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆகவே முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டுப் பிறகு வாக்காளர் விண்ணப்பத்துக்கு வாருங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயமில்லை; அதை வெறுமையாக விட்டு, பெயர்க் கட்டத்தில் தலைப்பெழுத்தோடு பெயரை எழுதலாம்.

இணையத்தில் ஆங்கிலத்தில் பெயரைத் தட்டச்சு செய்ததும் தமிழ்க் கட்டம் தானாக நிரம்பும். அதை அப்படியே விட்டுவிடுபவர்கள்தான் பிறகு வருந்துகிறார்கள். 'கனி' 'கணி' ஆவதும், 'வள்ளி' 'வல்லி' ஆவதும், 'யாழினி' 'யாலினி' ஆவதும் அந்தக் கருவியின் கைங்கரியம். தமிழ்க் கட்டத்தை நீங்களே படித்துத் திருத்துங்கள். வாக்குச்சாவடியில் உரக்கப் படிக்கப்படுவதும், முகவர்கள் தங்கள் படியில் தேடுவதும் தமிழில் உள்ள இந்தப் பெயரைத்தான்.

உறவினர் கட்டத்தில் தந்தை, தாய், கணவர், மனைவி ஆகியோரில் யார் பெயரையும் தரலாம். பெற்றோரற்றவர் சட்டப்படியான காப்பாளரின் பெயரையும், திருநங்கையர் தம் குருவின் பெயரையும் தரலாம். திருமணமான பெண் கணவர் பெயரைத்தான் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தந்தை பெயரோடு பதிவான பெண், திருமணத்துக்குப் பின் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டு, பெயரையும் தலைப்பெழுத்தையும் தொடாமல் விட்டால், பள்ளிச் சான்றிதழோடு வாழ்நாள் முழுவதும் பொருந்தி நிற்கும். பெண்களின் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்பது சிறு விஷயமல்ல. 1951-52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கான பட்டியலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் சொன்ன ஏறத்தாழ 28 லட்சம் வட இந்தியப் பெண்களின் பதிவுகளை ஆணையம் நீக்க வேண்டி வந்தது.

வயதுக்கும் முகவரிக்கும் சான்று

வயதுக்குச் சான்று தருவது எளிது. பிறப்புச் சான்றிதழ், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வருமான வரிக் கணக்கு அட்டை (பான்), ஆதார் ஆகியவற்றில் ஒன்று போதும்.

முகவரிதான் கடினம், அதுவும் வாடகை வீட்டில் இருப்பவருக்கு. குறைந்தது ஓராண்டுக்கான மின்கட்டண, குடிநீர், எரிவாயு ரசீது, ஆதார், வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், கடவுச்சீட்டு, நில ஆவணம், பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தம், பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் என்று படிவம் பட்டியலிடுகிறது. மின் இணைப்பு வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும். வாடகை ஒப்பந்தமோ பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டதாக இருக்கும், பதிவு செய்யப்பட்டிருக்காது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் எல்லா ஒப்பந்தங்களையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. உரிமையாளர்களில் எத்தனை பேர் அதற்கு மனமுவந்து வருகிறார்கள் என்பது வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தெரியும்.

இத்தகையவர்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, ஆதார் முகவரியையோ எரிவாயு இணைப்பையோ வங்கிக் கணக்கின் முகவரியையோ புதிய வீட்டுக்கு மாற்றிக்கொண்டு அதைக் காட்டுவது. இரண்டு, அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக உள்ள பெற்றோர், கணவர் அல்லது மனைவி, வயதுவந்த மகன் அல்லது மகள் பெயரில் உள்ள சான்றைத் தருவது. மூன்று, இவை எதுவும் இல்லையென்றால் அதையே படிவத்தில் தெரிவித்து நேரடிக் கள விசாரணைக்கு இணங்குவது. சான்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் படிவத்தை வாங்க மறுத்தால், கள விசாரணைக்குப் படிவத்திலேயே இடம் உண்டு என்பதைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். விடுதியில் தங்கிப் படிப்பவர் கல்வி நிறுவனத் தலைவரின் சான்றோடு விடுதி முகவரியிலேயே பதியலாம். பெற்றோர் வீட்டிலேயே தொடரவும் செய்யலாம். வீடற்றவர்களுக்கு ஆவணமே தேவையில்லை. அவர் சொல்லும் இடத்தில் உண்மையிலேயே இரவில் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் சென்று பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பதே ஆணையத்தின் நெறிமுறை. பேருந்து நிலையத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உறங்குபவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை, அலுவலகங்களிலும்கூட.

குடியுரிமை பற்றிய கேள்வி எழுந்தால் பிறந்த நாள் முக்கியமாகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்தவர்களுக்கு இந்த 1987 என்னும் எல்லைக்கோடு ஏட்டுக்கதை அல்ல. மண்டபம் போன்ற முகாமில் அந்தத் தேதிக்கு முன் பிறந்தவருக்கு அவருடைய பிறப்புச் சான்றிதழே முதன்மை ஆவணம். அதைப் பெறாமல் விட்டிருந்தால், பிறந்த இடத்து உள்ளாட்சிப் பதிவேட்டில் தேடி எடுப்பதே முதற்பணி.

விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகு

படிவத்தை இணையத்தில் கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, தாலுகா அலுவலகம், மாநகராட்சி மண்டல அலுவலகம் ஆகியவற்றில் உள்ள தேர்தல் பிரிவிலோ நேரிலும் கொடுக்கலாம். திருத்தக் காலத்தில் சனி, ஞாயிறுகளில் வாக்குச்சாவடிகளிலேயே சிறப்பு முகாம்கள் நடக்கும். எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன், போங்கள்" என்று அன்பாகச் சொல்பவரிடமும் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள எண் இல்லாவிட்டால், பின்னால் மேல்முறையீடு செய்ய உங்களிடம் எந்தப் பிடியும் இராது. நான் ஒருமுறை குடும்பத்தார் ஐவரின் படிவங்களை நம்பிக்கையின் பேரில் சீட்டு வாங்காமல் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மூன்று பேர் பெயர் மட்டுமே பட்டியலில் வந்ததைப் பார்த்தேன். மற்ற இரண்டு படிவங்கள் கொடுக்கப்பட்டன என்பதை நிறுவ ஒரு துண்டுக் காகிதமும் என் கையில் இல்லை.

பெறப்பட்ட விண்ணப்பங்களின் பட்டியல் ஏழு நாட்கள் ஆட்சேபத்துக்காகக் காட்சிக்கு வைக்கப்படும். பிறகு வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார். தம் முழுநேர வேலைக்கு மேல் இதைச் சுமப்பவர். வந்தபோது வீடு பூட்டியிருந்தால் உங்கள் விண்ணப்பம் தள்ளுபடிக்கு நெருங்கிவிடும். ஆகையால் அவருடைய பெயரையும் எண்ணையும் இணையத்தில் பார்த்து, நீங்களே அழைத்து எப்போது வீட்டில் இருப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பகலில் வேலைக்குப் போகும் தம்பதியர் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் உதவும். கள விசாரணையில் முதலில் கேட்கப்படுபவர் அவர்தான்.

தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருப்பது ஆபத்து. வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்ததிலிருந்து அந்தத் தேர்தல் நிறைவுறும் வரை பட்டியலில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்று 23-ஆம் பிரிவு தடுக்கிறது. ஏழு நாள் காட்சிக் காலத்தையும் கணக்கில் கொண்டால், கடைசி நாளுக்குப் பத்து நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பம் அலுவலகத்தை அடைந்திருக்க வேண்டும்.

மறுத்தால், நீக்கினால்

ஏற்கெனவே பட்டியலில் உள்ள ஒருவரின் பெயரை, அவர் இடம் மாறிவிட்டார், தகுதியற்றவர் என்பன போன்ற காரணங்களால் நீக்குமுன் அவருக்கு நியாயமான வாய்ப்பு அளிக்க வேண்டும் என்பது 22-ஆம் பிரிவின் கட்டளை. லால் பாபு உசேன் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றமும், முன்பே பட்டியலில் இடம்பெற்றவரின் பதிவு முறையாக நடந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்றும், அவரை நீக்குமுன் எதன் அடிப்படையில் ஐயம் எழுந்தது என்று தெரிவித்து விளக்கம் கேட்க வேண்டும் என்றும் கூறியது. எனவே அறிவிப்பாணை வந்தால் அஞ்சாமல் குறித்த நாளில் ஆவணங்களோடு நேரில் செல்லுங்கள். போகாமல் இருந்துவிடுவதுதான் பெரிய தவறு.

வாக்காளர் பதிவு அலுவலரின் ஆணை உங்களுக்கு எதிராக அமைந்தால், 24-ஆம் பிரிவின்படி 15 நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் மறுக்கப்பட்டால், 30 நாள்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாம் மேல்முறையீடு. வழக்கறிஞர் தேவையில்லை. ஆணையின் நகல், ஒப்புகைச் சீட்டு, பழைய பட்டியலின் பக்கம், முகவரிச் சான்று, நடந்தவற்றைத் தேதி வாரியாகச் சொல்லும் ஒரு பக்க மனு ஆகியவை போதும். மனுவில் குமுறலைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டுங்கள். ஆணையின் நகலே தரப்படவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அதைக் கேட்டுப் பெறலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அந்த 30 நாள் மேல்முறையீட்டுக்கான 15 நாளைக் கடந்துவிடும் என்பதால், நகலுக்காகக் காத்திராமல் மேல்முறையீட்டை முதலில் கொடுத்துவிடுங்கள்.

வாக்குப்பதிவு நாளில்

வீட்டுக்கு வரும் வாக்காளர் தகவல் சீட்டு, அதாவது பூத் சிலிப், அடையாளச் சான்று ஆகாது. அட்டை இல்லாதவர் ஆதார், ஓட்டுநர் உரிமம், வருமான வரிக் கணக்கு அட்டை, கடவுச்சீட்டு, படத்துடன் கூடிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அட்டை முதலிய, ஆணையம் அறிவித்த ஆவணங்களில் ஒன்றைக் காட்டலாம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு அறிவிக்கப்பட்ட அந்தப் பட்டியலில் ரேஷன் அட்டை இல்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ரேஷன் அட்டையை நீட்டிப் பழகியவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அட்டையில் உள்ள சிறு எழுத்துப் பிழைக்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் விதி. ஆள் அவர்தான் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

85 வயதைக் கடந்தவர்களும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே தபால் வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாள்களுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். ஒருமுறை இதற்கு ஒப்புதல் பெற்றவர் பிறகு சாவடிக்குச் சென்று வாக்களிக்க முடியாது.

நீங்கள் சாவடிக்குள் நுழைந்து பெயரைச் சொல்லும்போது, "உங்கள் பெயரில் ஏற்கெனவே வாக்குப் பதிவாகிவிட்டது" என்று சொல்லப்படலாம். அப்போது சண்டையிட்டுவிட்டு வெளியேறாதீர்கள். தேர்தல் நடத்தை விதிகள், 1961-இன் 49-P விதியின்படி, வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லி உங்கள் அடையாளத்தை நிறுவினால், ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு என்ற காகிதச் சீட்டு உங்களுக்குத் தரப்பட வேண்டும். அதில் வாக்கைக் குறித்து மடித்துக் கொடுத்தால், அது தனி உறையில் இடப்பட்டு முத்திரையிடப்படும். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. முடிவை எதிர்த்து வழக்கு நடந்து நீதிமன்றம் கேட்டால் மட்டுமே உறை திறக்கப்படும். அந்த உறைக்குள் உங்கள் சீட்டு இருக்கிறது என்பதற்குப் பதிவேட்டில் உங்கள் கையொப்பம் இருக்கும்; அதை இட்டுவிட்டு வெளியே வாருங்கள்.